நர்ஸம்மாவுக்கு நாம் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா இருபத்திரண்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தார். ஊருக்கு அவர் நர்ஸம்மா. மலையடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஏழு குக்கிராமங்கள். அவற்றில் மூன்றுக்கு அப்போது பஸ் கிடையாது. அவர் ஓய்வு பெற்ற பிறகு, இன்றைக்கு அதே வேலையில் இருப்பவர்களுக்கு நானும் நாலைந்து நண்பர்களும் சின்னச் சின்னதாக ஏதோ செய்து வருகிறோம். உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யாருக்கு உதவுவதைப் பற்றிச் சொல்கிறீர்கள்? டாக்டர்களுக்கா?

டாக்டர்களும் உண்டு. ஆனால் மலையில் ஒரு வீட்டு வாசல்வரை வருகிறவர் பெரும்பாலும் டாக்டர் இல்லை. அரசு கணக்குப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு. காகிதத்தில் மலைக்குச் சலுகை கிடைத்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் சமவெளியில் 5,000 பேர் இரண்டு மூன்று ஊர்களில் இருப்பார்கள். மலையில் 3,000 பேர் பத்துப் பதினைந்து இடங்களில் சிதறிக் கிடப்பார்கள்.

அந்தத் துணை நிலையத்தை நடத்துகிறவர் கிராம சுகாதார செவிலியர். பழங்குடிப் பகுதிகளில் அவருக்குத் துணையாக ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். 2005ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது, ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று நாடு முழுக்க வந்த ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் செவிலியர் அமைப்பு முன்பே இருந்ததால் மலைப்பகுதி, பழங்குடிப் பகுதிகளில்தான் ஆஷாக்களைப் பார்க்கலாம். அப்புறம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறவர்கள் இவர்கள்தான். 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அதில் வரும் மருத்துவ உதவியாளர், ராத்திரி ஷிஃப்டில் தனியாக நிற்கும் ஒப்பந்த நர்ஸ், லேப் டெக்னீஷியன், பிரசவ அறையைக் கழுவிவிடும் பணியாளர் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடைசியில் சொன்னவரைப் பெரும்பாலும் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் இன்னுமா மருத்துவ வசதி இல்லாத இடங்கள் இருக்கின்றன?

மாநிலத்தின் சராசரியைப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றும். ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ பச்சைமலையிலோ ஆனைமலைக்குள் இருக்கும் குடியிருப்புகளிலோ போய் நின்றால்தான் தெரியும். அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட முடியாது. மழை பெய்தால் எத்தனை மணி நேரம், பெய்யாவிட்டால் எத்தனை மணி நேரம் என்றுதான் சொல்வார்கள். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருவது பழைய கதை இல்லை.

இதற்காகவே சில மலைப்பகுதி நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். தேதி நெருங்கியதும் கர்ப்பிணி முன்கூட்டியே வந்து தங்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அவர் வந்துவிட்டால் ஆட்டை யார் மேய்ப்பார்கள், மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள்? அதனால் வர மாட்டார். அவரை வரச் சொல்லி நர்ஸ் மறுபடியும் மலையேற வேண்டும்.

மலை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். செங்கல் சூளைகளில் வருடத்தில் ஆறு மாதம் தங்குகிற குடும்பங்கள் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் இருக்காது.

அவர்களுடைய வேலைதான் என்ன? ஊசி போடுவதுதானே?

ஒரு புதன்கிழமையைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் புதன் தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசிப் பெட்டி வர வேண்டும். உள்ளே 2 முதல் 8 டிகிரி வரைதான் இருக்கலாம். பெட்டி வந்த பிறகு குழந்தைகள் வர வேண்டும். பாதிப் பேர் வர மாட்டார்கள், காரணம் போன தடவை ஊசி போட்டதும் காய்ச்சல் வந்தது. அந்த வீடுகளுக்கு நடை. நடுவில் கர்ப்பிணிகளுக்கு எடை, ரத்த அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரை. பிரசவமாகி வீடு திரும்பியவரின் குழந்தையைத் தொட்டுப் பார்த்து, பால் குடிக்கிறதா, தொப்புள் காய்ந்ததா என்று கேட்டு வர வேண்டும்.

அதற்குப் பிறகு எழுத்து வேலை. அம்மா காலத்தில் பதிவேடுகள் மட்டும்தான் இருந்தன. இப்போது பதிவேடும் உண்டு, செயலியும் உண்டு. ஒரே விவரம் இரண்டு மூன்று இடங்களில் ஏற வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் எடுத்த விவரத்தைச் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று அனுப்புகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண் அவர் மூலமாகத்தான் கிடைக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய்க்கான விண்ணப்பமும் அவர் கை வழியாகத்தான் போகிறது. தவணை தாமதமானால் கோளாறு வங்கிக் கணக்கில் இருக்கலாம், ஆதார் இணைப்பில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம். ஆனால் ஊர் கேள்வி கேட்பது நர்ஸம்மாவைத்தான். அரசாங்கத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே முகம் அவருடையது.

அவர்களுக்குப் பெரிய கஷ்டம் சம்பளமா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆஷாக்களுக்கு ஆமாம். அவர்களை அரசு ஊழியர் என்று கணக்கில் வைப்பதில்லை, தன்னார்வலர் என்றுதான் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் செய்த வேலைக்கு ஏற்ப ஊக்கத்தொகைதான் வரும். 2022ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்கள் அத்தனை பேருக்குமாக உலகச் சுகாதாரத் தலைவர்கள் விருதைக் கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கேரள ஆஷாக்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டு திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள், மாதக்கணக்கில். விருது வாங்கியவர்களில் அவர்களும் உண்டு.

நிரந்தர வேலையில் இருக்கும் செவிலியரிடம் கேட்டால் வேறு பட்டியல் வரும். குவார்ட்டர்ஸில் தண்ணீர் வராது. கூரை ஒழுகும். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அதனால் குடும்பம் கீழே, அவர் மேலே. ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் பிரசவ வலியா, குடித்துவிட்டு வந்தவனா என்று கதவைத் திறந்த பிறகுதான் தெரியும்.

தொலைவான இடங்களில் சுகாதாரப் பணியாளர்களைத் தக்கவைப்பது எப்படி என்று உலக சுகாதார நிறுவனம் 2010ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது, 2021ல் அதைப் புதுப்பித்தது. பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை நிறுத்த முடியாது என்பதுதான் அதன் சாரம். தங்க நல்ல இடம், பாதுகாப்பு, மேலே படிக்க வாய்ப்பு, சந்தேகம் வந்தால் கேட்க ஒரு சீனியர் எல்லாம் சேர்ந்து வேண்டும். என் அம்மாவிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார், தண்ணீரை மட்டும் முதலில் வைத்திருப்பார்.

சேவை மனப்பான்மை இருந்தால் இதெல்லாம் பெரிதாகத் தெரியாதே?

தெரியும். பயணப்படி பாக்கி, விடுப்பு இல்லை, பக்கத்து நிலையத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு என்று எதைக் கேட்டாலும் இந்த வார்த்தையைச் சொல்லித்தான் வாயை அடைக்கிறார்கள். மேடையில் "தியாகச் செம்மல்" என்று சால்வை போர்த்துகிற அதே மாதத்தில்தான் பெட்ரோல் பில்லும் திரும்பி வரும்.

நான் வெளியூரில் இருக்கிறேன். மருந்து வாங்கி அனுப்பட்டுமா?

வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாக வாங்கி, பரிசோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. நாட்டில் வேறு மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. நீங்கள் அனுப்பும் மருந்து அந்தக் கணக்குக்குள் வராது. அதை நர்ஸ் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் மாட்டுவது அவர்தான். தாத்தா இறந்த பிறகு வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை ஒருவர் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினார். அதைத் தரம் பிரிக்க ஒரு சாயங்காலம் போனது, பாதி காலாவதி.

பொருள் வாங்கலாம், ஆனால் கேட்டுவிட்டு. நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். முதல் வருடம் ஒரு துணை நிலையத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். ஃபில்டரை யார் மாற்றுவது, கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று யோசிக்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் போனபோது அதன் மேல் பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் எல்லோருக்கும் டார்ச் லைட் வாங்கலாம் என்று முடிவு செய்து அம்மாவிடம் சொன்னேன். "டார்ச்சு எல்லார்கிட்டயும் இருக்குடா. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள்தான் இல்ல" என்றார். தாழ்ப்பாள் ஒன்று நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தச்சரை மேலே கூட்டிப்போகத்தான் செலவு.

இப்போது நாங்கள் வாங்குவது பெரும்பாலும் மழைக்கோட்டு, வழுக்காத செருப்பு, காத்திருக்கிறவர்களுக்கு பெஞ்ச், இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி. பழைய ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டையை மாற்றுவது புதுக் கருவி வாங்குவதைவிட மலிவு, உபயோகமும் அதிகம்.

பணத்தை நர்ஸ் கையிலேயே கொடுத்துவிடலாமா?

கூடாது. அவர் அரசு ஊழியர். நல்ல எண்ணத்தில் கொடுத்தது அவர் மேல் புகாராகத் திரும்பலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரைப் பாருங்கள். அங்கே நோயாளர் நலச் சங்கம் இருக்கும். அதன் வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், பொருளாகக் கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

நான் அதே ஊர்க்காரன். என்னிடம் பணம் இல்லை.

உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். வெளியூர்க்காரர் பணத்தால் செய்ய முடியாததெல்லாம் உங்களால் முடியும்.

முதலில் கிராம சபை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "துணை சுகாதார நிலையத்துக்குக் குழாய் இணைப்பு", "நிலையத்துக்குப் போகும் பாதையில் தெருவிளக்கு" என்று ஒரே ஒரு விஷயத்தைத் தீர்மானமாக எழுத வையுங்கள். பத்து விஷயம் எழுதினால் ஒன்றும் நடக்காது. இதை நர்ஸ் எழுந்து கேட்டால் "சொந்த வசதிக்குக் கேட்கிறாள்" என்பார்கள், நீங்கள் கேட்டால் அது ஊர்க் கோரிக்கை. கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று இருக்கிறது. சின்னச் செலவுகளுக்காக அதற்கு வருடாந்திர நிதி வரும். அந்தக் குழு உங்கள் ஊரில் கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள். கேட்டாலே கூடிவிடும்.

அடுத்தது, புதன்கிழமை காலையில் அரை மணி நேரம். எந்தெந்த வீட்டுக் குழந்தைகள் வர வேண்டும் என்று செவிலியரிடம் கேட்டு, நீங்கள் போய்க் கூப்பிடுங்கள். சொந்தக்காரர் கூப்பிட்டால் வருவார்கள்.

மூன்றாவது, நாயைக் கட்டிப் போடுங்கள். சிரிக்க வேண்டாம். வீடு வீடாகப் போகிற பெண்களிடம் பயம் எது என்று கேட்டால் பாம்புக்கு முன்னால் நாயைத்தான் சொல்வார்கள்.

நாலாவது, போன். சாதாரண காய்ச்சலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்க 104 இருக்கிறது. உயிர் போகிற அவசரத்துக்கு 108. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலிக்காரருக்காக நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, அவர் 108-ஐக் கூப்பிட்டு, அவர்கள் உங்களிடம் வழி கேட்டு என்று சுற்றினால் போவது உங்கள் வீட்டு உயிர்.

நர்ஸிடம் யாராவது தகராறு செய்தால்?

மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் புகார் கொடுத்துவிட்டு மறுநாளும் அதே தெருவில்தான் அவர் நடக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்வார். புகாரை மருத்துவ அலுவலர் கொடுக்கட்டும், சாட்சியாக ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் கூட நில்லுங்கள்.

டாக்டர்கள் ஏன் மலையில் தங்குவதே இல்லை?

தங்கியவர்களும் இருக்கிறார்கள். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்று அது முழு மருத்துவமனை. ஆனால் அவர்கள் தங்கினார்கள் என்பதைவிட, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீலகிரி கூடலூரில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் மக்களுக்காக நடக்கும் ஆதிவாசி மருத்துவமனையிலும் அதே கதைதான். அங்கே நோயாளியின் பாஷையிலேயே நர்ஸ் பேசுவார். மலையிலேயே பிறந்தவருக்கு மலைக்கு மாறுதல் தண்டனை இல்லை.

அரசு டாக்டர்களைப் பொறுத்தவரை பெரிய ஈர்ப்பு மேற்படிப்புதான். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலை இடங்களில் ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைவான இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நீட் மதிப்பெண்ணில் ஊக்க மதிப்பெண்ணும் சேர்க்கலாம். இதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு, "படிப்புக்காகத்தானே வருகிறான்" என்று. எதற்காக வந்தால் என்ன? அந்த இரண்டு மூன்று வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறார்.

மலைப்பகுதிப் பெண் ஒருத்தியை நர்ஸிங் படிக்க வைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

என்னைக் கேட்டால் நீங்கள் செய்யக்கூடியதிலேயே நீண்ட நாள் நிற்பது இதுதான். ஆனால் ஃபீஸ் கட்டுவதோடு முடிகிற வேலை இல்லை.

முதல் தடை சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அளவில்தான் தருவார்கள். அதற்கு அலைவது கூலி வேலைக்குப் போகும் அப்பாவுக்கு முடியாத காரியம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு இல்லை, ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வையுங்கள். கூடவே நீங்களும் போங்கள்.

இரண்டாவது, எந்த நிறுவனம் என்று பாருங்கள். "ஆறு மாத நர்ஸிங்", "ஒரு வருட நர்ஸிங்" என்று பஸ் ஸ்டாண்டுகளில் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம் இல்லாத படிப்பைப் படித்தால் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் அரசு வேலை கிடையாது. கடன் வாங்கிக் கட்டிய பணம் போனதுதான்.

மூன்றாவது, முதல் ஆறு மாதம். ஆங்கிலப் பாடப்புத்தகம், ஹாஸ்டல் சாப்பாடு, நிறத்தையும் பேச்சையும் வைத்துக் கிண்டல் எல்லாம் ஒன்றாக வந்து விழும். பாதியில் திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் இந்த ஆறு மாதத்தில் வந்தவர்கள்தான். வாரம் ஒரு தடவை போன் செய்து பேச ஒரு பெண் இருந்தால் போதும். முடிந்தால் ஏற்கெனவே நர்ஸாக இருக்கும் ஒருவர்.

நாங்கள் மாணவர்கள். மருத்துவ முகாம் நடத்தலாமா?

நடத்தலாம், மருத்துவ அலுவலரைக் கேட்டு. ஒருநாள் முகாமில் முப்பது பேருக்கு சுகர் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். அந்த முப்பது பேரும் மறுநாள் காலையில் யார் வாசலில் நிற்பார்கள்? பெயர், ஊர், அளவு எழுதிய பட்டியலை அந்த ஊர் செவிலியரிடம் கொடுக்காமல் வண்டி ஏற வேண்டாம். போட்டோ எடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

அம்மாவின் ஊரில் ஒரு பெண் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கில் இறந்தாள். எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒவ்வொரு தாய் மரணத்தையும் அலசி ஆராய்வது தமிழ்நாட்டில் கட்டாயம், அந்த ஆராய்ச்சியால்தான் மரணங்கள் குறைந்தன என்பதும் உண்மை. அம்மாவையும் கூப்பிட்டார்கள். எந்தத் தேதியில் பார்த்தாய், ரத்த அளவு எவ்வளவு, எப்போது அனுப்பினாய் என்று கேட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் மாமியார்தான் வந்து உட்கார்ந்து, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

14416 என்ற எண்ணில் இலவசமாக, தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. சுகாதாரப் பணியாளர்களும் கூப்பிடலாம், கூப்பிட வேண்டும். ஆனால் முதலில் பக்கத்து நிலையத்து செவிலியர்கள் நாலு பேர் மாதத்துக்கு ஒரு தடவை, மேலதிகாரி இல்லாமல், டீ குடித்துப் பேச ஒரு இடம் வேண்டும். இந்த வருடம் எங்கள் குழு செலவழித்ததில் உருப்படியானது அந்த டீச் செலவுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் நர்ஸம்மாவுக்கு மாறுதல் வந்துவிட்டது. என்ன பரிசு கொடுக்கலாம்?

குத்துவிளக்கும் வெள்ளித் தட்டும் வேண்டாம், எங்கள் வீட்டிலேயே நாலு குத்துவிளக்கு இருக்கிறது. அவர் செய்த வேலையை விவரமாக எழுதி, ஊரார் கையெழுத்துப் போட்டு, வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள், நகலை அவரிடம் கொடுங்கள். அம்மாவிடம் அப்படி ஒரு காகிதம் இருக்கிறது, பதினேழு கையெழுத்து, ஒன்பது கைநாட்டு. லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

அப்புறம், புதிதாக வருகிறவரை மறந்துவிடாதீர்கள். குவார்ட்டர்ஸைக் கூட்டிக் கழுவி, தண்ணீர் வருகிறதா, பல்பு எரிகிறதா என்று பார்த்து வையுங்கள். எந்த பஸ்ஸில் வருகிறார் என்று முன்கூட்டியே கேட்டு ஸ்டாப்பில் ஒருவர் நில்லுங்கள். பெட்டி கனமாக இருக்கும்.